கூதிர் வேறு, இலையுதிர்காலம் வேறு

கூதிர் என்னும் சொல்லுக்கு 'இலையுதிர்காலம்' என்று பொருளெழுதும் வழக்கம் வகுப்பறைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் காணப்படுகிறது. இது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதுகள் ஆறு. இவற்றுள் கூதிர்க்கு உரியவை ஐப்பசியும் கார்த்திகையும். ஐரோப்பாவில் இலையுதிரும் பருவமோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நாட்காட்டியில் இரண்டும் ஓரளவு ஒன்றுவதே மயக்கத்துக்குக் காரணமாகும். ஆயின், மாதம் ஒத்ததனால் பருவமும் ஒத்துவிடாது. தமிழகத்தில் அம்மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மரஞ்செடிகள் தழைத்து நிற்பவை. கூதல், கூதிர் என்பன குளிரைக் குறிக்கும் ஓரினச் சொற்கள். 'கூதல் அடிக்கிறது' என்பது இன்றும் பேச்சு வழக்கு. நெடுநல்வாடை காட்டும் கூதிரும் மழையும் வாடையுமே. சருகு குவிந்த சோலை அன்று.

தொல்காப்பியர் கூதிரைக் குறிஞ்சிக்கு உரித்தாக்கினார். அதனைச் சருகுக் காலமாகக் கொண்டால், மழையிலும் நள்ளிருளிலும் தலைவன் வரும் வழியின் அருமை மாணவனுக்குப் புலப்படாது. திணையின் சுவையே கெடும்.

இனி, இலையுதிர்காலம் என்னும் சொல்லை நோக்குவோம். ஆங்கிலேயர் இப்பருவத்தை முன்பு அறுவடை என்னும் பொருளுடைய 'ஹார்வெஸ்ட்' என்றே வழங்கினர். 16ஆம் நூற்றாண்டில் 'இலை வீழ்தல்' என்னும் பொருள்படும் தொடர் எழுந்தது. அது 'ஃபால்' எனச் சுருங்கி அமெரிக்காவில் நிலைத்தது. அக்கருத்தையே நம் சொல்லும் தருகிறது. 'உதிர்காலம்' வினைத்தொகை. அது மாதத்தைச் சுட்டவில்லை. மரத்தின் செயலைச் சுட்டுகிறது. ஆதலின், இலை உதிரும் இடமெல்லாம், எம்மாதமாயினும், அச்சொல் பொருந்தும்.

இதற்குச் சான்று பேராக்கிலேயே உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற பால்மரம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. இங்கே அது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும். அப்போது பாலும் குறையும். தமிழ்க் கணக்கில் இக்காலம் தை, மாசி, பங்குனி. ஐப்பசியில் ஈப்போவில் பெய்வதோ கனமழை. ஆகவே, கூதிரும் இலையுதிர்காலமும் இம்மண்ணிலும் வெவ்வேறே.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. அம்மரம் இவ்வாறு ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. ஆதலால் இன்றைய மாணவர் பலர் இக்காட்சியைக் கண்டிரார். ஆசிரியர்கள் கூதிர்க்குக் குளிர்மழைக் காலம் என்றே பொருளுரைப்பாராக. இலையுதிர்காலத்தை விளக்க, எஞ்சியிருக்கும் பால்மரம் ஒன்றைக் காட்டுவாராக. அயல்நாட்டுப் படத்தைவிட அது தெளிவாகப் பொருள் சொல்லும்.