காட்சிக்கு முந்தும் குரல்: ரிஷார் தெஜார்தனின் ஆவணப்படங்கள்

ரிஷார் தெஜார்தன் 1948-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செம்புச் சுரங்கத்தையும் உருக்காலையையும் நம்பி எழுந்த நொராண்டாவில் பிறந்தார். தம் வட்டாரத்தின் பெயரையே தாங்கிய 'அபிதிபி' இசைக்குழுவில் பாடலாசிரியராகவும் பாடகராகவும் தொடங்கினார். 1981-இல் 'பூம் டவுன் கஃபே' என்ற இசைத்தட்டை வெளியிட்ட பின் அந்தக் குழு கலைந்தது. 1988-இல் முதல் தனித்தட்டும், 1990-இல் மாகாணம் முழுவதும் அவர் பெயரைக் கொண்டுசென்ற 'து மெம் து' தட்டும் வந்தன. புகழ்பெற்ற பாடகர் ஒருவர் பிற்பாடு கேமராவைக் கையில் எடுத்தார் என்றே அவர் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. தம் ஊரின் வரலாற்றைப் பற்றிய முதல் ஆவணப்படத்தை அவர் ரொபேர் மோந்தெரியுடன் சேர்ந்து 1977-இலேயே எடுத்துவிட்டார். முதல் தனித்தட்டு வந்தது அதற்கு 11 ஆண்டுகள் கழித்துத்தான். இரண்டு கலைகளும் அவரிடம் ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஆகவே ஒன்றில் கற்றதை மற்றதில் எப்படிப் பயன்படுத்தினார் என்று கேட்பது பொருத்தமான கேள்வி.

அவருக்குப் பெரும்பெயர் தந்த படம் 1999-இல் வந்த 'லெரேர் பொரேயால்'. கியூபெக்கின் வடகாடுகள் மொட்டையடிக்கப்படுவதைப் பற்றிய இப்படத்தையும் மோந்தெரியுடன் சேர்ந்தே இயக்கினார். தேசியத் திரைப்பட வாரியம் அதன் தயாரிப்பில் இருந்தது. படத்தில், சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் பசுமைத் திரையாக மரவரிசை விடப்பட்டிருக்கிறது. விமானம் மேலெழும்போது, அதற்குப் பின்னால் அடிவானம்வரை மரமற்ற நிலம் விரிகிறது. அரசு நிலத்தில் நடந்ததை அந்த நிலத்தின் உரிமையாளர்களான மக்களே பார்த்திருக்கவில்லை என்பதை நிறுவ இந்த ஒரு காட்சி போதும். படத்தின் துணிவையும் அது எழுப்பிய விவாதத்தின் அளவையும் யாரும் மறுக்க முடியாது. ஆண்டின் சிறந்த ஆவணப்படத்துக்கான ஜூத்ரா விருது அதற்குக் கிடைத்தது. 2000-இல் 'அக்சியோன் பொரேயால்' என்ற காடு காக்கும் இயக்கம் உருவானது. அரசு 2003-இல் கீ கூலோம்ப் தலைமையில் ஆணையம் அமைத்தது; ஊசியிலை மரங்களின் அனுமதிக்கப்பட்ட வெட்டளவை 20 சதவீதம் குறைக்கும்படி 2004 டிசம்பரில் அந்த ஆணையம் பரிந்துரைத்தது.

இந்தப் பரிந்துரையை வைத்துத்தான் படத்துக்கான தற்காப்பு கட்டப்படுகிறது. படம் ஒருதலைப்பட்சமானது என்று மரத்தொழில் நிறுவனங்கள் எதிர்த்தன. ஆணையத்தின் முடிவு தெஜார்தன் சொன்னதை உறுதிசெய்துவிட்டதால் குறை சொல்ல எதுவுமில்லை என்று ஆதரவாளர்கள் பதில் சொல்கிறார்கள். ஆவணப்படத்தை அதன் விளைவைக் கொண்டு மதிப்பிடும் இன்றைய வழக்கமும் இந்தப் பதிலுக்குத் துணைநிற்கிறது. ஆனால் ஒரு படைப்பின் முடிவு சரியாக இருப்பதும், அந்த முடிவைப் படைப்பு தனக்குள் நிறுவிக் காட்டுவதும் ஒன்றாகிவிடாது. மரம் மீண்டும் வளரும் வேகத்துக்கும் வெட்டும் வேகத்துக்கும் உள்ள கணக்கை எடுத்துப் பார்த்து, வெட்டளவுக்கான மதிப்பீடு மிகையானது என்று காட்டியது ஆணையம். காட்டுத்தீயும் பூச்சித் தாக்குதலும் அந்தக் காடுகளின் இயல்பான சுழற்சியில் என்ன பங்கு வகிக்கின்றன, மொட்டையடிப்பு அவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதே பிரச்சினையின் உயிர்நாடி. பார்வையாளர் தானே எடைபோடும் அளவுக்கு அதைப் படம் விரித்துக் காட்டவில்லை. விமானக் காட்சி தந்த சான்றுக்கு அப்பால், நம்பச் சொல்லிக் கேட்பது இயக்குநரின் குரல்தான்.

தெஜார்தன் படங்களின் அடிப்படைக் குறை இந்தக் குரல். பாடலில் ஒரு நல்ல வரிக்குச் சாட்சி தேவையில்லை. சொல்லின் ஓசையும் வெட்டும் சேர்ந்து கேட்பவரை ஒப்புக்கொள்ள வைத்துவிடும். அதே வரி வர்ணனையாகப் படத்தில் ஏறும்போது, காட்சி வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஓர் அதிகாரி பேசி முடித்ததும் குத்தலான வாசகம் ஒன்று அவர் பேச்சை மூடுகிறது. அவர் பொய் சொன்னாரா, அறியாமல் பேசினாரா, தாமே நம்பாத ஒன்றைச் சொல்லும் நிலையில் இருந்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு பார்வையாளரிடமிருந்து பறிக்கப்படுகிறது.

அவருடைய பாடல்கள் இப்படிப்பட்டவை அல்ல என்பதுதான் வருத்தத்துக்குரியது. 'லே யாங்கீ' என்ற நெடிய கதைப்பாடலில் படையெடுத்து வருபவனுக்கே வாய் தரப்படுகிறது. அவன் மிரட்டலை அவன் சொல்லிலேயே கேட்கிறோம். 'லு போன் கார்' பாடல், ஊர் மெச்சும் ஒழுங்கான ஆளாக மாறத் துடிப்பவனின் குரலிலேயே ஓடுகிறது. பாடகர் குறுக்கிட்டு அவனைக் கண்டிப்பதில்லை. பிறர் தோலுக்குள் நுழைந்து பேசும் இந்த நாடகத்திறன் பாடலாசிரியர் தெஜார்தனின் மிகப்பெரிய சொத்து. அதைப் பாடலிலேயே விட்டுவிட்டு, வரியின் அதிகாரத்தை மட்டும் அவர் படத்துக்குக் கொண்டுவந்தார். எதிராளி தன் சொற்களாலேயே அம்பலப்படும் வித்தையை அவரைவிட நன்கு அறிந்தவர்கள் கியூபெக்கில் குறைவு. அப்படியிருந்தும் கேமராவின் முன் அதை அவர் நம்பவில்லை.

கியூபெக் சினிமாவின் மரபும் அவருக்கு வேறு வழி காட்டியிருந்தது. கவிஞரான பியேர் பெரோ, மிஷேல் ப்ரோவுடன் சேர்ந்து 1963-இல் எடுத்த 'பூர் லா ஸ்வீத் து மோந்து' படத்தில், ஈல்-ஓ-கூத்ர் தீவின் மக்கள் கைவிட்டுப்போன வெள்ளைத் திமிங்கில வேட்டையை மீண்டும் நடத்துகிறார்கள். கதை முழுவதும் அவர்கள் பேச்சாலேயே நகர்கிறது. தம் கவித்துவத்தைச் சொந்தக் குரலில் ஏற்றாமல், பிறர் பேச்சில் கண்டெடுத்தார் பெரோ.

2007-இல் வந்த 'லு பப்ள் அன்விசீப்ள்' படத்தில் இந்தக் குறை அறம் சார்ந்த பிழையாகவே மாறுகிறது. அல்கொன்கின் பழங்குடியினரின் வரலாற்றையும் சமகால நிலையையும் சொல்லும் இப்படமும் ஜூத்ரா விருது பெற்றது. உறைவிடப் பள்ளிகள் விட்டுச்சென்ற காயமும், மின் நிறுவனத்தின் அணைக்கு அருகிலேயே இருந்தும் மின்சாரமும் குழாய்நீரும் அப்போது இல்லாதிருந்த கித்சிசாகிக் குடியிருப்பும் பரந்த கியூபெக் பார்வையாளர்களைச் சென்றடைந்தது பெரிய காரியம். எனினும், காலங்காலமாகப் பிறரே தம்மைப் பற்றிப் பேசக் கேட்டு வந்த ஒரு மக்களைப் பற்றிய படத்திலும் கதையைச் சொல்வது, தொடுப்பது, முடிப்பது எல்லாம் வெள்ளைப் பாடகரின் குரலே. அல்கொன்கின் மக்கள் பேசுகிறார்கள். ஆனால் அவர் வாதத்துக்குச் சாட்சிகளாகவே பேசுகிறார்கள்.

அதே மாகாணத்தில் பாடலிலிருந்து ஆவணப்படத்துக்கு வந்த இன்னொருவர் அலானிஸ் ஒபொம்சவின். அபெனாக்கி இனத்தவரான அவரும் தம் படங்களுக்குத் தாமே வர்ணனை பேசுபவர். எனவே வர்ணனை இருப்பதே குற்றமாகாது. படக்குழு வருவதற்கு முன், ஒலிப்பதிவுக் கருவியுடன் தனியாகச் சென்று மக்கள் பேசுவதைக் கேட்பது அவர் முறை. 1990-இல் பழங்குடியினரின் நில உரிமைப் போராட்டமான ஓக்கா முற்றுகையின்போது முள்வேலிக்கு உள்ளே தங்கிப் படமெடுத்து, 1993-இல் 'கனெசதாக்கே: எதிர்ப்பின் 270 ஆண்டுகள்' படத்தை முடித்தார். அவர் குரல் தகவல் தந்து ஒதுங்கிக்கொள்கிறது. நீண்ட பேச்சுகள் வெட்டுப்படாமல் வருகின்றன. 2004 முதல் 'வாபிகோனி' நடமாடும் படக்கூடம் அல்கொன்கின், அதிகமெக் குடியிருப்புகளுக்குச் சென்று, இளைஞர்கள் தங்கள் படங்களைத் தாங்களே எடுக்க உதவிவந்தது. மரம் ஏற்றிய லாரியோடு மோதி 2002-இல் இறந்த அதிகமெக் இளம்பெண்ணின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. தெஜார்தனின் படம் வந்தபோது, தங்களுக்காகப் பிறர் பேச வேண்டிய நிலையில் அந்த மக்கள் இல்லை.

2011-இன் 'ட்ரூ ஸ்டோரி' சட்பரியின் நிக்கல், கோபால்ட் ஊரின் வெள்ளி, நொராண்டாவின் செம்பு எனச் சுரங்கத்தொழிலின் வரலாற்றைப் பழைய படச்சுருள்களைக் கொண்டு சொல்கிறது. பொருள் வளமானது; கோபமும் நியாயமானது. அந்தச் சுருள்களில் உள்ள தொழிலாளர்களின் முகங்கள் ஒரு நிமிடம்கூடத் தனித்து நிற்க முடியாதபடி வர்ணனை அவற்றின்மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெஜார்தனின் படங்களில் ஆவணப்படமாகவே நிலைப்பது 'லெரேர் பொரேயால்' ஒன்றுதான்; அதிலும் முதன்மையாக, பேச்சுக்குத் தேவையே இல்லாத அந்த விமானக் காட்சி.