உப்புக்காற்றில் ஒரு மைக்

மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லைத் தட்டிக் கேட்டுத்தான் எடுப்பார்கள். நல்ல கருங்கல் வெண்கல மணிபோல் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் ஓசை செத்துப்போகும். இப்படிக் காதை நம்பித் தொழில் செய்யும் ஊரின் ஒலியைப் பதியப் போகிறவர், எந்த மைக்கை எடுத்துப் போவது என்று கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பலருக்கும் முதல் ஆசை ஷாட்கன் மைக். தூரத்துச் சத்தத்தை இழுத்து வந்துவிடும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது எதையும் இழுப்பதில்லை. பக்கவாட்டில் வரும் ஓசை அதன் நீண்ட குழலின் துளைகள் வழியே நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைகிறது, அவ்வளவுதான். அதுவும் கீச்சு ஓசைகளில்தான் நன்றாக எடுபடும். கடலின் அடிக்குரலை அந்தக் குழல் தடுக்காது. கடற்கரைக் கோயில் பக்கம் ஒருவரைப் பேசவைத்தால் அலையும் கூடவே உறுமும். வராக மண்டபத்துக்குள் இன்னும் மோசம்: பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி குழலுக்குள் நிறம் மாறி, பேச்சின் தெளிவையே கெடுத்துவிடும்.

என் ஓட்டு ஓம்னிக்குத்தான். எல்லாத் திசையையும் ஒன்றுபோலக் கேட்கும் மைக் அது. காற்றுக்கும் கை உரசலுக்கும், முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக் அளவுக்குப் பதறாது. வாயருகே வைத்தாலும் குரல் கனத்துப் போகாது. கிட்டே போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். நாலு அடி எடுத்துவைத்தால் காசில்லாமல் கிடைப்பது இது! நடந்துகொண்டே பதிபவருக்குக் கையடக்க ரெக்கார்டரும், சட்டையில் குத்தும் சின்ன ஓம்னி இரண்டும் போதும். ஆனால் பிற்பகல் கடற்காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்சு தாங்காது. முடியடர்ந்த உறை கட்டாயம்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. சாதாரண கண்டென்சர் மைக்குகள் உப்பு ஈரத்தில் படபடவென்று பொரியத் தொடங்கும். ரேடியோ அலைவரிசைச் சுற்றில் இயங்கும் சென்ஹைசர் எம்கேஎச் வரிசை இதைத் தாங்கும், விலைதான் எட்டாது. பேட்டிக்கு மட்டும் என்றால் டைனமிக் ஓம்னி ஒன்று பல வருஷம் உழைக்கும்.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் கணக்கே வேறு. நத்தைக்குத்தி நாரை பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை, அலகைத்தான் தட்டும். அந்த மெல்லிய சத்தத்துக்கு, தன் இரைச்சல் குறைந்த மைக் வேண்டும். கரை மரம் ஒன்றில் பக்கத்துக்கு ஓர் ஓம்னியாக இரண்டைக் கட்டிவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள். அடிமரம் நடுவில் நிற்பதால், ஹெட்போனில் இடமும் வலமும் அத்தனை அழகாகப் பிரியும்.

ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது மாமல்லபுரத்து உளிச் சத்தம்தான். ஒரு முழம் தள்ளி மைக்கை வைத்தால் அடி மட்டுமா கேட்கிறது? அடிக்கும் அடிக்கும் நடுவே உளி முனை இடம் தேடி உரசுவதும், சில்லு தெறித்துத் தரையில் உருள்வதும் கேட்கும். 2022இல் வந்த ஜூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் அடியும் பேச்சும் உடையாமல் பதியும். மைக்கே தாங்காத அடியை மட்டும் எந்த ரெக்கார்டராலும் மீட்க முடியாது.

பட்டறைகளில் இப்போது கிரைண்டர் இரைச்சல்தான் அதிகம். ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் இயந்திரம் ஓடாத நேரமாகப் பார்த்து, சிற்பியிடம் அனுமதி கேட்டு, கையுளி வேலையைப் பதிந்து வையுங்கள். என்ன கல், என்ன உளி, எந்தத் தேதி என்பதை அந்தப் பதிவிலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.