இரு கரைகளின் வானொலிக் கழகங்கள்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் இருந்துகொண்டு பூகோளப் படத்தை விரித்து அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் எவரும் ஒரு விஷயத்தைக் கண்டு வியப்பர். தம் மாநிலத்தின் தலைநகராகிய சென்னை இவ்வூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணமோ ஏறத்தாழ 175 கிலோமீட்டரிலேயே இருக்கிறது. சாலையிலும் ரயிலிலும் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கால் பிரயோஜனம் ஒன்றுமில்லை; ஆனால் வீட்டு மூலையில் ஒரு சிறு பரப்பியை வைத்துக்கொண்டு, லாபம் கருதாமல், விஞ்ஞான ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு உலகத்தோடு பேச முனைகிற அமெச்சூர் வானொலியாளருக்கு, அதாவது ‘ஹாம்’ என்று செல்லமாக அழைக்கப்படுகிறவருக்கு, அதுவே முதற் கணக்கு. அந்தக் கணக்கை மனத்திற் கொண்டு, இந்தக் கலையை இந்தியாவும் இலங்கையும் எவ்வெவ்வாறு வளர்த்தன, எங்கே வளரவொட்டாமல் தடுத்தன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாடுகளிலும் ஒலிபரப்பின் தொடக்கம் ஒரே காலத்தது என்பது மட்டுமன்றி, இரண்டிலும் அது ஒரு கழகத்திலிருந்தே பிறந்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. சென்னையில் 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாகி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. சர்க்கார் வானொலி என்ற ஒன்று இந்நாட்டில் இல்லாத காலம் அது. சந்தாவையும் நன்கொடையையும் நம்பி ஆர்வலர் சிலர் கூடி நடத்திய அந்த ஸ்தாபனம், பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் ஓய்ந்தது. பின்னர் அதன் பணியைச் சென்னை மாநகராட்சி மன்றம் ஏற்று 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடத்திற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் வரும் வரைக்கும் தமிழ்நாட்டின் வானலையைக் காத்து வந்தது இந்த வரிசையே.

கொழும்பில் நிகழ்ந்தது வேறு வகை. தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர், தம் இனத்தாரும் உள்ளூராருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வானொலிக் கழகத்தை அமைத்தார். முதல் உலகப் போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு ஆக்கிய பரப்பியில் கிராமபோன் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுப் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடத்தினார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. சென்னையில் குடிமக்கள் தொடங்கியதை அரசாங்கத்தார் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டார்கள். கொழும்பில் அரசாங்க உத்தியோகஸ்தரே குடிமக்களைக் கூட்டிக்கொண்டார். எது மேல் என்று கேட்டால் கொழும்பின் முறைக்கே என் வாக்கு. சென்னைக் கழகத்தாரின் தியாகம் பெரிதெனினும், தம் கையிருப்பு தீர்ந்த அன்றே அவர்கள் வாய் மூட நேர்ந்தது. ஹார்ப்பரின் தோழர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை.

அதன்பின் இரு பாதைகளும் பிரிகின்றன. அமெச்சூர் வானொலியைப் பொறுத்தவரை, ஒலிபரப்புக் கழகங்களுக்கும் முன்னதாக, இந்தியாவில் 1921இலேயே கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தர் அமெச்சூர் உரிமத்தோடு இயங்கினார் என்பர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது உரிமங்கள் யாவும் பறிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின், 1948இல் மத்திய இந்தியாவின் மாஹு பட்டாளப் பாசறையில் ஒரு கழகம் அமைந்து, 1954இல் டில்லிக்குப் பெயர்ந்து, இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயர் மாறியது. 1983இல் ஹைதராபாத்தில் தேசிய அமெச்சூர் வானொலி நிலையம் தோன்றியது. அடுத்த ஆண்டு கருவிகளின் மீதிருந்த இறக்குமதிச் சுங்கம் நீங்கியது. பிரதம மந்திரியாக வந்த ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற வானொலியாளர் என்பதும் இளைஞர்களுக்கு ஊக்கமளித்தது. ஒரு தலைமைச் சங்கமும் ஒரு பயிற்சி நிலையமும் மாநிலந்தோறும் நகரந்தோறும் தனித்தனிக் கழகங்களுமாக, ஆலமரம் போல் விழுதுவிட்டுப் பரவிய அமைப்பு இது. பரப்பு பெரிதாகையால் சென்னைக் கழகத்தார் கல்கத்தாக் கழகத்தாரை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஹாம் திருவிழாவிலே முகங்காண்பதும் உண்டு, ஆயுள் முழுவதும் குரல் மட்டுமே கேட்பதும் உண்டு.

இலங்கையிலோ நாடு தழுவிய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்பது ஒன்றே. கொழும்பிலுள்ள அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பெரும்பாலும் ஒருவரையொருவர் குரலாலேயே அறிவர். சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் ஆட்சியிடம் பெற்ற வேறு முன்னெழுத்தை விட்டு, இன்று ‘4 எஸ்’ என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டைத் தாங்குகிறார்கள், நம்மவருடையது ‘வி.யூ.’ என்று தொடங்கும். சங்கம் சிறிது என்பதாற் குறைபாடு உண்டு. முடிவுகள் விரைவில் ஆகும் என்ற சௌகரியமும் உண்டு. தீவின் நடுவே 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலைநாடு அவர்களுக்கு இயற்கை கொடுத்த கோபுரம். நம் விக்கிரமங்கலத்துச் சமவெளியிலோ கைப்பிடிக் கருவியின் இரண்டு மீட்டர் அலை சில கிலோமீட்டர் போவதற்குள் தளர்ந்துவிடும். பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலையைப் போன்ற உயரத்திலிருந்து மறுபரப்பு செய்யும் கருவி ஒன்று இருந்தாலன்றி அதை நம்பிப் பயனில்லை.

ஆனால் நெடுந்தூரத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொண்டவருக்கு மலை தேவையில்லை. தோட்டத்து வேப்பமரம் ஒன்றிலிருந்து பனைமரம் ஒன்றுக்கு அறுபத்தாறு அடி நீளச் செம்புக் கம்பியை இழுத்து, நட்ட நடுவே வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் ஒரு சாண் பி.வி.சி. குழாய்த் துண்டில் துளையிட்டுக் கட்டி, அங்கிருந்து கோஆக்ஸியல் கேபிளைக் கருவிக்கு இறக்கினால் ஏரியல் ஆயிற்று. முதலிற் கம்பியைச் சற்று நீளமாகவே விட்டு, ஏரியல் கருவிக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இரு நுனிகளிலும் இரண்டிரண்டு அங்குலமாக நறுக்கி வர, முள் ஒன்றரைக்குக் கீழே இறங்கும் நேரத்தில் நறுக்குவதை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு ஓரடி கூடுதலாக வெட்டினால் மறுபடி பற்றவைக்க நேரும். கம்பி தாழ்வாக, பதினைந்து இருபது அடி உயரத்தில் இருப்பதே இங்கு விசேஷம். அலை ஏறக்குறைய நேரே மேல்நோக்கிச் சென்று, அயனமண்டலத்தில் மோதி, குடைபோல் விரிந்து இறங்கி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர்ப் பிரதேசத்தை நனைக்கும். யாழ்ப்பாணமும் சென்னையும் மதுரையும் அந்தக் குடைக்குள் அடக்கம். பூமியின் காந்த மத்தியரேகை தென்னாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறபடியால் — அதே காரணத்தால்தான் 1963இல் தும்பா ராக்கெட் தளமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது — நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலம் பகற்காலத்தில் மிகுந்த செறிவோடு இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை துளைத்துக்கொண்டு தப்பிப் போகாமல் திரும்பி வருவதற்கு அது பெரிய சகாயம்.

கழகத்தின் அன்றாடக் காரியங்களும் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. காலையில் ஒருவர் நெறியாளராக அமர்ந்து ‘நெட்’ நடத்துவார்; ஒவ்வொருவராகத் தம் குறியீட்டைச் சொல்லி வருகை கொடுக்க, சமிக்ஞையின் பலத்தைப் பரஸ்பரம் மதிப்பிட்டு, வானிலையையும் கருவியையும் பேசி, ‘73’ என்று வாழ்த்தி விடைபெறுவர். அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் இடமில்லை. பேசியதற்கு அத்தாட்சியாகக் கியூ.எஸ்.எல். அட்டை தபாலில் வரும். ஒளித்துவைத்த பரப்பியைத் திசையறி ஏரியலால் மோப்பம் பிடித்துக் கண்டறியும் ‘நரிவேட்டை’ விளையாட்டும், அக்டோபர் மாதத்தில் சாரணர்களுக்காக உலகமெங்கும் நடக்கும் வானொலி ஜம்போரியும் இளைஞர்களைக் கழகத்துக்குள் அழைத்து வரும் வாயில்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் பொழுதுபோக்காகத் தோன்றலாம். நெட்டில் ஒரு குரல் மற்றொன்றை முந்தாமல் காத்திருக்கப் பழகுவதும், இரைச்சலுக்குள்ளே ஓர் எண்ணைப் பிழையின்றிக் கேட்டெழுதப் பழகுவதும், பேரிடர் நாளில் உயிரளிக்கும் தேர்ச்சிகள் ஆகின்றன.

உரிமம் பெறும் முறையில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் திருத்தங்களுமாக வந்த ஏற்பாட்டின்படி மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு பரீட்சை நடத்தி இரண்டு தரங்களில் உரிமம் தரலாயிற்று. மோர்ஸ் தந்திக் குறியீடு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இலேயே தளர்த்திவிட்ட பிறகும் நம்மவர் மேல்தரத்துக்கு அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மூன்று தரங்களில் பரீட்சை வைக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் வேண்டும். இங்கும் போலீஸ் விசாரணை உண்டு. பாஸான மாணவன் உரிமம் கைக்கு வருவதற்குள் கல்லூரியை முடித்து வேலைக்குப் போய்விடுவதும் உண்டு. கையிற் பரப்பி உள்ள குடிமகனை இரு அரசாங்கங்களும் ஓரளவு ஐயத்தோடே நோக்குகின்றன. ஆனால் அந்த ஐயம் இலங்கைத் தமிழரின் வாழ்க்கையை வருத்திய அளவுக்கு நம்மை வருத்தவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் தம் வீட்டில் பரப்பி வைத்திருப்பது உயிருக்கே ஆபத்தான காரியம். மின்சாரம் அற்று, பற்றறிக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளில், அங்குள்ள குடும்பங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவில் ஊறிய மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தியைக் கேட்டார்கள். சுற்றுகிறவருடைய கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளரும். தாமே கருவியைச் சீர்செய்யவும், கிடைத்ததைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கவும் அறிந்த அந்த ஜனங்களைவிட அமெச்சூர் வானொலிக்கு ஏற்றவர் இவ்வுலகில் இருக்க முடியுமா என்று நான் எண்ணுவதுண்டு. பேச உரிமையில்லாமல் கேட்க மட்டுமே அவர்களுக்கு விதித்திருந்தது. அக்காலத்தில் இங்கே, பல்கலைக்கழகக் கழகங்களும் பொறியியற் கல்லூரிக் கழகங்களும் பெருகிக்கொண்டிருந்தன. 2007 அளவில் இந்தியாவில் உரிமம் பெற்றோர் 16,000க்கு மேல்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இரு நாட்டுக் கழகங்களையும் ஒரே நாளிற் சோதித்தது. ஹைதராபாத் நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும், நெடுங்காலமாக அமெச்சூர்க் குரலே எழாதிருந்த அந்தமானிலிருந்து உலகோடு பேசும் பொருட்டுப் போர்ட் பிளேருக்கு முன்னரே சென்றிருந்தார்கள். தொலைபேசிகள் ஊமையான அக்கணம் முதல் அவர்களுடைய விளையாட்டு நிலையம் நிவாரண நிலையமாயிற்று. இலங்கையில் விக்டர் குணதிலகவும் சங்கத்தாரும், சிதைந்து கிடந்த அம்பாந்தோட்டைக்குத் தோழர்களை அனுப்பி, அங்கிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்குச் சிற்றலைத் தொடர்பு அமைத்தார்கள். இந்தியாவில் முன்னதாகவே ஆயத்தமாயிருந்த ஒரு குழு நற்காலத்தால் அங்கே இருந்தது. இலங்கையில் சங்கம் தானே தீர்மானித்துத் தானே புறப்பட்டது. சிறிய அமைப்பின் சுறுசுறுப்பு என்று முன்னே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அம்பாந்தோட்டைக்கு அமைந்தது போன்ற இணைப்பு வடக்கே தமிழர் வாழும் முல்லைத்தீவுக்கும் அமைந்திருக்கக் கூடாதா என்ற வருத்தமும் கூடவே எழுகிறது.

ஆகாயத்திலும் இரு நாடுகளுக்கும் பங்குண்டு. 2005ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் என்ற 42.5 கிலோகிராம் துணைக்கோள், 2014 வரை உலக அமெச்சூர்கள் யாவர்க்கும் இலவசமாகப் பணியாற்றியது. இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ராவணா-1 கையளவு கனசதுரமே எனினும், ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இலங்கை இளைஞர் இருவர் ஆக்க, 2019இல் விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

எனினும் என் மனம் ஆகாயத்தைவிடக் கடலையே நாடுகிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்குச் சற்று முன்பே வடஇலங்கையைக் கடந்து வந்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, 27ஆம் தேதி காரைக்கால் அருகே கரையேறிக் காவிரிப் படுகை முழுவதையும் மூழ்கடித்தது. அங்கே முதலில், இங்கே பின்னர் என்பது இத்தகைய புயல்களின் வழி. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்த துயரத்தை இன்னும் மறவாத அரியலூர்ச் சீமையில், மழைக்காலத்து ஆறு என்னவெல்லாம் செய்யும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சர்வதேச விதிகளோ, பிறர் பொருட்டு நாடுவிட்டு நாடு செய்தி அனுப்புவதைச் சாதாரண நாட்களில் அமெச்சூர்களுக்கு மறுத்தாலும், பேரிடர் நிவாரணத்துக்கு அனுமதிக்கின்றன. விதி உண்டு, அலை உண்டு, பாஷையும் ஒன்றே. பழக்கம் ஒன்றுதான் இல்லை.

விக்கிரமங்கலத்துப் பள்ளி மாணவர் சிலர் உரிமப் பரீட்சைக்கு அமர்ந்து தேறி, வடஇலங்கையில் உரிமம் பெற்றவர்களோடு வாரம் ஒருமுறை தமிழில் ஒரு நெட் நடத்தலாம். அக்டோபர் ஜம்போரி வருவது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்திலே. முதல் ஒத்திகைக்கு அந்நாட்களே உகந்தவை. நேரம் குறிப்பதிலும் சிரமமில்லை: 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து இலங்கையின் கடிகாரம் மறுபடியும் இந்தியக் கடிகாரத்தோடு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது. முற்பகல் பத்து மணி, 7 மெகாஹெர்ட்ஸ் என்று குறித்துக்கொண்டால் இரு கரைகளுக்கும் அதுவே பத்து மணி.