கம்பியில் தொங்கும் தெர்மோஸ்டாட்டுகள்

சங்ககிரி பக்கம் நான் அடிக்கடி போகிற ஒரு லாரிப் பட்டறையில், சுவரில் அடித்த ஆணியிலிருந்து ஒரு கட்டுக்கம்பி தொங்கும். அதில், எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுகளான தெர்மோஸ்டாட்டுகளை வடை மாதிரி கோத்து வைத்திருப்பார்கள். பித்தளை மங்கி, சுண்ணாம்பு பூத்து, இருபது முப்பது இருக்கும். எல்லாம் வேலைக்கு வந்த வண்டிகளிலிருந்து கழற்றியவை. திரும்ப வண்டிக்குப் போனது ஒன்றுமில்லை. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்ணா?" என்பார் மெக்கானிக்.

பழைய டீசல் எஞ்சினை வருஷக்கணக்கில் ஓட வைக்கும் நம் பட்டறைகளின் கெட்டிக்காரத்தனமும் கோளாறும் அந்த ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன.

கெட்டிக்காரத்தனத்தில் சந்தேகமே இல்லை. டாடா 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். மொத்தம் 5,675 சிசி. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டீசலை அளந்து தள்ளுவது ஒரு இன்லைன் பம்ப். நாசிலைக் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அடித்தால், பனிப்புகை மாதிரி பீச்சுகிறதா, மூக்கில் சொட்டு நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். புகை தள்ளினால், ஆயில் குடித்தால், ஆஃப் எஞ்சின் வேலை. எஞ்சினை இறக்காமலே ஹெட்டைத் தூக்கி, சம்பைக் கழற்றி, பிஸ்டன், ரிங், லைனர், கன்ராடு பேரிங் மாற்றி மூடிவிடுவார்கள். கிராங்க் தேய்ந்தால் பத்து சைஸ், இருபது சைஸ் என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கிரைண்டிங் போட்டு, அதற்கேற்ற தடித்த பேரிங்கோடு மறுபடி ஓட விடுவார்கள். தூக்கிப் போடுகிற பேச்சே இல்லை. ஒரு எஞ்சினுக்கு இரண்டு மூன்று ஆயுள் கொடுக்கிற கை இது.

சிக்கல் என்னவென்றால், திறந்து சரிசெய்வதில் இத்தனை தேர்ச்சி வந்துவிட்டதால், திறக்காமல் பார்த்துக்கொள்வதில் நமக்கு அக்கறை போய்விட்டது. லைனரை யாரும் எஞ்சினின் உறுப்பாக நினைப்பதில்லை. டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுகிற சாமான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. சுண்ணாம்பு பிடித்தோ, மட்டமான டூப்ளிகேட் சாமான் என்பதாலோ அது மூடியபடியே நின்றுவிட்டால், முழு லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விடும். ராத்திரியில் அங்கே தனியாக நிற்கப்போகிறவர் டிரைவர். கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. கழற்றியதால் வரும் தேய்மானமோ ஐந்து வருஷம் கழித்துத் தெரியும்; அதற்குள் வண்டி வேறொருவர் பெயரில் இருக்கும்.

ஆனால் அந்தத் தேய்மானம் உண்மை. இந்த எஞ்சின்களில் தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்த பிறகுதான் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி விடும். அது இல்லாவிட்டால் லேசான லோடிலும் மழைக்கால ராத்திரியிலும் எஞ்சின் வெதுவெதுப்பாகவே ஓடும். எரியாத டீசல் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சம்பில் சேறாகப் படியும். டீசலில் இருக்கும் கந்தகம் குளிர்ந்த சுவரில் அமிலமாகி லைனரை அரிக்கும். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு இப்போது வலுவிழந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். முந்தைய டீசலில் பல மடங்கு இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சூட்டுக்குப் பயந்து செய்த வேலை, ஏற்றத்தில் சூட்டைத்தான் கூட்டும்.

அதைவிட மோசம் தண்ணீர். கூலன்ட் என்றால் பனி பெய்கிற ஊருக்கானது என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. போர்த் தண்ணிதான் ரேடியேட்டருக்கு. ஒருமுறை மெக்கானிக் ஒரு வெட் லைனரை உருவி வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். வெளிப்பக்கம் தண்ணீர் படும் இடத்தில், ஒரே நேர்க்கோட்டில், கறையான் அரித்த மாதிரி குழிகள். ஒரு குழியின் வழியே ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தது. உள்ளே பிஸ்டன் தட்டும்போதெல்லாம் லைனர் அதிர்கிறது. வெளியே தண்ணீரில் குமிழ்கள் எழுந்து உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் துணுக்கைப் பெயர்க்கிறது. கூலன்டில் கலந்திருக்கும் ரசாயனம் லைனர்மேல் மெல்லிய படலமாக நின்று அந்த அடியை வாங்கிக்கொள்ளும். போர்த் தண்ணியில் உப்புதான் இருக்கிறது.

ஆயில் விஷயத்தில் விரல் வைத்தியம். டிப்ஸ்டிக்கைத் துடைத்து இரு விரலில் தேய்த்து, "கறுத்துப் போச்சு, மாத்து" என்பார்கள். டீசல் எஞ்சினில் புதிய ஆயிலும் சில நாளில் கறுக்கும். கரியை அடியில் படியவிடாமல் சுமப்பதும் அதன் வேலை. கிலோமீட்டர் கணக்குதான் நம்பத்தக்கது. ஆனால் முகர்ந்து பார்த்து டீசல் கலந்திருக்கிறது என்று சொன்னால், நான் அந்த மூக்கை நம்புவேன். ஏர் ஃபில்டரை டயரில் தட்டித் தூசி உதிர்ப்பதை மட்டும் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. காகிதம் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், கல்குவாரித் தூசி நேரே லைனருக்கு. (காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டுக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் வைப்பது நல்ல பராமரிப்பு என்பது என் கட்சி. அந்த இரண்டு நிமிஷத்தில் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிவிடும்.)

போன வருஷம் ஒரு புது தெர்மோஸ்டாட்டை அதே பட்டறைக்கு எடுத்துப் போனேன். பக்கத்து டீக்கடைப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, நூலில் கட்டி உள்ளே இறக்கினோம். வால்வு மெதுவாக எழும்பியது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. மெக்கானிக் மூன்று முறை செய்து பார்த்தார். "நல்ல சாமான்தானுங்" என்று ஒப்புக்கொண்டு, டிரில்லை எடுத்து அதன் தகட்டில் மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டார். மூடியே நின்றுவிட்டாலும் கொஞ்சம் தண்ணி ஓடுமாம். தொப்பூரில் அந்தத் துளை உதவாது என்றேன். "இருக்கட்டுங்ணா" என்று சொல்லி, எஞ்சினில் வைத்து முடுக்கினார்.