டோங்காவின் ஊதுகுழல்: புனைகதை படைத்த ஓர் அந்தமான் ஆயுதம்

விக்டோரியா காலப் புனைகதையாளர்கள் உலகில் இல்லாத கருவிகளைப் படைப்பதில் பெருவிருப்புக் கொண்டிருந்தனர். ஜூல்ஸ் வெர்னின் நாட்டிலஸ் கப்பலில் மின்னேற்றம் பெற்ற கண்ணாடிக் குண்டுகள் உண்டு (1870). புல்வர் லிட்டனின் பாதாள மாந்தர் 'வ்ரில்' என்னும் ஆற்றலைக் கோலுக்குள் அடக்கி வைத்திருப்பர் (1871). எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் வெப்பக்கதிரால் ஊர்களை எரிப்பர் (1898). இவை புனைவு என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிவர். ஆனால் அதே காலத்தில் தோன்றி, புனைவு என்று உணரப்படாமலே நிலைத்துவிட்ட கருவி ஒன்று உண்டு. அதனை ஏந்தியவராகக் காட்டப்பட்டவர் அந்தமான் தீவினர். இந்நாவலைத் தமிழாக்க முற்படுவோருக்கு அக்கருவி எழுப்பும் சிக்கல்கள் சிறியன அல்ல.

ஆர்தர் கோனன் டாயிலின் 'நால்வர் குறி' 1890 பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் வெளிவந்தது. 1857 கிளர்ச்சிக் காலத்தில் ஆக்ராவில் நிகழ்ந்த கொலைக்காக அந்தமான் தண்டனைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்ட ஜோனதன் ஸ்மால் என்னும் ஆங்கிலேயன், நோயுற்றுக் கிடந்த டோங்கா என்ற தீவினனைப் பேணிக் காத்து, அவன் துணையோடு தப்பி இலண்டன் சேர்கிறான். அங்கே டோங்கா ஊதிச் செலுத்திய நச்சுமுள் ஒருவன் உயிரைப் பறிக்கிறது. உடலின் விறைப்பைக் கொண்டு, ஸ்டிரிக்னின் போன்ற தாவர நஞ்சு அது என்று டாக்டர் வாட்சன் கணிக்கிறார்.

அந்தமானியரோ ஊதுகுழலைப் பயன்படுத்தியவர் அல்லர். அம்பில் நஞ்சு பூசும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. ஊதுகுழல் மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் பெருவழக்கு. மலாய் மொழியில் அதன் பெயர் சும்பித்தான். தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் கட்டுரை எழுதியுள்ளார். போர்னியோக் குழல் ஏறத்தாழ ஆறடி நீளமுடையது. மூச்சின் விசை முள்ளில் ஏறுவதற்கு அந்நீளம் இன்றியமையாதது. டோங்கா வாயில் வைப்பதோ பள்ளிக்கூட ரூல்தடி அளவான ஒரு துண்டுக் கட்டை. தேம்ஸ் ஆற்றில் விரையும் ஒரு நீராவிப் படகிலிருந்து மற்றொரு படகின்மீது அதனைக் குறிவைத்து ஊதுகிறான்! வெல்ஸின் வெப்பக்கதிரைவிட இது எவ்வகையில் நம்பத்தக்கது என்று கேட்கத் தோன்றுகிறது.

எனினும் வாசகர் நம்புகின்றனர். அதற்குக் காரணம், நாவலுக்குள் ஹோம்ஸ் எடுத்துப் படிக்கும் ஒரு விவரச்சுவடி. அந்தமானியர் உலகிலேயே மிகக் குள்ளமானோர், நரமாமிசம் உண்போர், கல்தலைத் தடியாலும் நச்சம்பாலும் கொல்வோர் என்று அது கூறுகிறது. வெர்ன் அளவுகளையும் எண்களையும் அடுக்கித் தம் எந்திரத்தை மெய்யாக்குவார். வெல்ஸ் வானியலாரின் செவ்வாய்க் கோள் நோக்கீடுகளிலிருந்து கதையைத் தொடங்குவார். டாயில் கையாள்வதும் அதே உத்தியே. அறிவியலின் இடத்தில் இனவரைவியலை வைத்திருக்கிறார், அவ்வளவே. இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. அச்சுவடி தடியையும் அம்பையும் சொல்கிறதேயன்றி ஊதுகுழலைச் சொல்லவில்லை. நாவல் தானே புனைந்துகொண்ட சான்றுகூட அதன் ஆயுதத்துக்குத் துணை நிற்கவில்லை.

உண்மையில் அம்மக்களின் கருவி வில்லும் அம்புமே. 1859 மே மாதம் அபர்தீனில் ஆங்கிலேயரை அவர்கள் எதிர்த்துப் பொருததும் அவற்றைக் கொண்டுதான். பெரிய அந்தமானியரின் வில் ஆங்கில எஸ் எழுத்துப்போல் இருமுறை வளைந்தது. பன்றி வேட்டைக்குரிய அம்பின் முனை தண்டிலிருந்து கழலக்கூடியது. ஆயினும் ஒரு சிறு கயிற்றால் அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அம்பு தைத்த பன்றி ஓடுகையில் முனை உடலில் தங்கும். கழன்ற தண்டு பின்னே இழுபட்டுப் புதரில் சிக்கி விலங்கைத் தடுத்து நிறுத்தும். பிறவிடங்களில் நஞ்சு செய்யும் வேலையை இங்குக் கயிறு செய்கிறது எனலாம். உடைந்த கப்பல்களின் இரும்பைத் தட்டித் தேய்த்து முனையாக்கிக்கொண்டதும் அவர்தம் திறனே. புதுப்புனைவு என்று வியக்கத்தக்கது இது. நாவலாசிரியர் கண்ணில் இது படவில்லை.

அக்காலத்தில் செய்திகள் கிட்டவில்லை என்றும் கூறுவதற்கில்லை. போர்ட் பிளேரில் அலுவலராயிருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன், அந்தமானியரின் உடலளவுகளையும் வாழ்க்கையையும் கருவிகளையும் விரிவாக எழுதி, 1882-83இல் இலண்டன் மானிடவியல் நிறுவன இதழில் வெளியிட்டார். தென் அந்தமான் மொழி குறித்து அலெக்சாண்டர் எல்லிஸ் 1882இல் மொழிநூற் கழகத்தில் உரையாற்றினார். போர்ட்மன் 1887இல் அந்தமான் மொழிகளுக்குக் கையேடு வெளியிட்டார். ஜூல்ஸ் வெர்னும் 'எண்பது நாளில் உலகப் பயணம்' (1873) நாவலில் கப்பல் பெரிய அந்தமானைக் கடக்குமிடத்தில், அங்குள்ளோரைப் பாப்புவர் எனத் தவறாகக் குறித்து இழித்துரைத்தபோதிலும், நரமாமிசம் உண்போர் என்ற பழியை மறுத்துவிடுகிறார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் டாயில் அப்பழியை மீண்டும் ஏற்றுகிறார். ஸ்மால் டோங்காவைச் சந்தைகளில் நரமாமிசபட்சணி என்று காட்டிப் பணம் திரட்டியதாகவும் நாவலில் வருகிறது. நாவலாசிரியரும் ஏறத்தாழ அதையே செய்திருக்கிறார் என்பது கடுமையான கூற்றாயினும் பொருந்தாக் கூற்றன்று.

மொழியியலார்க்கு இதனினும் முதன்மையானது டோங்காவின் வாய்மொழி. ஸ்மால் அவனுடைய மொழியைச் சிறிது கற்றதாகச் சொல்லப்படுகிறதேயன்றி, அம்மொழியின் ஒரு சொல்லும் நாவலில் இல்லை. பெயரும் அந்தமானைச் சுட்டவில்லை. பசிபிக் தீவுக்கூட்டத்தையோ வட இந்தியக் குதிரைவண்டியையோதான் நினைவூட்டுகிறது. (தமிழில் 'தொங்கா' என்று எழுதினால், கூரையேறிக் கயிறு இறக்குபவனுக்கு அது காரணப்பெயராகவே ஆகிவிடும்!) உடற்பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட முன்னொட்டுகளால் சொற்களைப் பகுக்கும் அரிய அமைப்பு பெரிய அந்தமானிய மொழிகளுக்கு உரியது. ஆக்கா-பேயா, ஆக்கா-போ என்னும் மொழிப்பெயர்களின் முதலுறுப்பு வாயைச் சார்ந்தது. நாவல் அம்மனிதனின் வாய்க்குத் தந்தது பேச்சன்று, குழல்.

இனி மொழிபெயர்ப்பு. 'ஊதுகுழல்' என்றால் தமிழர் மனக்கண்ணில் தோன்றுவது அடுப்பூதும் குழல். கொலைக்கருவியாக அது பதிவதில்லை. 'நச்சுக்குழல்' என்றால், அப்படியொரு கருவி வழக்கில் இருந்ததுபோன்ற மயக்கம் நேரும். 'எட்டி நஞ்சு' என்பது ஸ்டிரிக்னினுக்குப் பொருந்தும். ஆனால் எட்டி நம் ஊர் மரமாதலால், கற்பனையை நாமறிந்த மண்ணில் நட்டுவிடுகிறது. மூலத்தின் பிழையைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் கடமையன்று. நீக்குவது அதனினும் தகாது. அயன்மை தோன்ற 'ஊதிக்குழாய்' போன்றதொரு ஆக்கச்சொல்லை இட்டு, விவரச்சுவடிப் பகுதியை உண்மை நூலொன்றின் நடையில் பெயர்க்காமல், அது கதைக்குள் உள்ள ஓர் ஏடு என்பது புலப்படும்படி பெயர்த்து, முன்னுரையில் மேன் கூறும் அம்புகளை விளக்குவதே தக்கது என்பது என் கருத்து. மேனின் தென் அந்தமான் மொழி அகராதி 1923இல் நூலாயிற்று. அன்விதா அப்பியின் பெரிய அந்தமானிய மொழி இலக்கணம் 2013இல் வெளிவந்தது. ஆக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி போவா அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2010 ஜனவரியில், போர்ட் பிளேரில் காலமானார்.