மூன்று உயிர்கள்

வீடியோ கேமில் சாவுக்குக் கனமில்லை. ஒரு உயிர் போனால் அடுத்தது. அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) இந்த விதியை எடுத்துக்கொண்டு, அதன் விளையாட்டுத் தொனியை மட்டும் கழற்றி வைக்கிறது. கேம் வடிவமைப்பாளரான ஸ்வப்னா (டாப்ஸி) பாலியல் வன்முறைக்கு ஆளானவள். கொலையுண்ட ஒரு பெண்ணின் சாம்பல் கலந்த மை, அவளுக்குத் தெரியாமலே, அவள் கையில் பச்சையாகியிருக்கிறது. அவளுக்கும் மூன்று உயிர். ஆனால் முந்தைய சாவு ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது. இருட்டுக்கு நடுங்கும் அதே உடம்போடுதான் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறாள். வீரம் பேசும் தொனியில் எடுத்திருந்தால் இதுவும் இன்னொரு பழிவாங்கும் படம்.

ஒரு இடத்தில் மட்டும் தொனி பிசகுகிறது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத் தெருக்கூத்தில் சூதாட்டமும் துகிலுரிதலும் ஒரே இரவில் நடக்கும். பகடை உருளும்போது கட்டியங்காரன் சிரிக்க வைப்பான். ஆனால் பாஞ்சாலியின் சேலையில் கைவைக்குமுன் துச்சாதனன் வேடக்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தின் தொடக்கத்திலோ, தனியாக இருக்கும் பெண்ணைக் கொலைகாரனின் கேமராவோடு சேர்ந்து நாமும் ஒளிந்து பார்க்கிறோம். அவனுடைய கண் நமக்கு ஏன் இரவல் தரப்படுகிறது? வகுப்பில் படத்தைப் போட்டபோது மாணவிகள் சிலர் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.