பகிடியும் வதையும்

'பகிடிவதை' என்னும் கூட்டுச்சொல்லில் முன்னிற்கும் பகிடி ஒரு பொய். வதையை மறைக்காமல் விட்டது ஒன்றே அச்சொல்லின் நேர்மை. உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் புதுமுக மாணவன் உறைவிடம், பாடக்குறிப்பு யாவற்றிற்கும் மூத்தோரையே சார்ந்திருக்கின்றான். அச்சார்பே வதைப்போரின் வலிமை; ஊர்வலத்திற்கு ஆள் திரட்டும் அரசியலாரும் அதனையே பயன்கொள்கின்றனர்.

1997இல் பேராதனைப் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், பகிடிவதையிற் கடுங்காயம் விளைவிப்போருக்குப் பத்தாண்டுவரை சிறை விதித்தது. ஆயினும் 2002இல், ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில், பகிடிவதையை நிறுத்துவது பற்றிய பேச்சுவார்த்தையின்போதே சமந்த விதானகே தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் புதுமுகத்தவரல்லர், மூன்றாம் ஆண்டு மாணவர். வேடிக்கையே நோக்கமெனில், அது வேண்டாமென்றவரை அடிப்பானேன்?